அது வேற ஊத்துமலை

ஐயா,

போன வாரம் மகளோடு நம் சேலம் சீலநாயக்கன்பட்டி ஊத்துமலை ஏறினேன். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த ஊத்துமலை ஜமீன் இங்கேதான் இருந்தது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. அரண்மனை எங்கே என்று அடிவாரத்தில் பூ விற்கும் அம்மாவிடம் கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். இடித்துவிட்டார்களா?

ஒரு வாசகர், தாதகாப்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

இல்லாத அரண்மனைக்கு அந்தம்மா எப்படி வழி சொல்வார்? ஜமீன் ஊத்துமலை தென்காசிப் பக்கம் இருக்கிறது. அங்கேயே போய்க் கேட்டிருந்தாலும், ‘வீரகேரளம்புதூருக்குப் போங்க’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஜமீன் அரண்மனை அந்த ஊரில். ரெட்டியார் சென்னிகுளத்துக்காரர், பாடியது கழுகுமலை முருகனை. நம்மூர் ஊத்துமலை மேலேயும் முருகன்தானே? பெயரும் ஒன்று, சாமியும் ஒன்று. செய்தி எழுதியவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்!

நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஒருமுறை கோவை நண்பரிடம், “ஞாயிற்றுக்கிழமை பாலமலை ஏறலாம், வந்துடுங்க” என்றேன். காலையில் போன். “பெருமாளைச் சேவிச்சாச்சு, நீங்க எங்க இருக்கீங்க?” மேட்டூர்ப் பக்கத்துப் பாலமலையில் இருப்பவர் சித்தேஸ்வரர். ரங்கநாதர் இருப்பது பெரியநாயக்கன்பாளையத்துப் பாலமலையில். இருவருக்கும் கட்டிவந்த புளிசாதத்தை நானே சாப்பிட்டேன். பச்சைமலையும் துறையூரில் ஒன்று, கோபியில் ஒன்று.

ஊற்று இருந்தால் ஊத்துமலை, அவ்வளவுதான். ஏற்காட்டுக்குப் போகிறவனை “மலைக்கா?” என்றுதானே கேட்கிறோம்? எந்த மலை என்று வெளியூர்க்காரர்தான் கேட்பார்.

எனக்கு எரிச்சல், இரவல் ஜமீன் வந்து சொந்தக் கதையை மறைக்கிறதே என்பதுதான். அடுத்த முறை மேலே நின்று மகளுக்கு வடக்கே சேர்வராயனைக் காட்டுங்கள், மேற்கே கஞ்சமலையை. கஞ்சமலையில் சித்தர் கோயிலும் உண்டு, இரும்புக்கல்லும் உண்டு. அந்தப் பக்கம் போனால் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஓடை மணலில் இழுத்தால் கறுப்புத் தூள் மீசை மாதிரி அப்பிக்கொண்டு வரும். காகிதத்தைச் சுற்றி இழுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காந்தத்தைத் துடைத்து மாளாது.