மூவிங் ஆவரேஜ் கோடுகளை, அதாவது கடைசிச் சில விலைகளின் நகரும் சராசரியைக் காட்டும் கோடுகளை, பார்த்துப் பங்கு வாங்கலாமா? 15 நிமிடத்துக்கு ஒரு விலை காட்டும் சார்ட்டில் கடைசி 9, 21 விலைகளின் சராசரிக் கோடுகளைப் போட்டால் சரியாக வருமா?

வாங்கலாம். ஆனால் அந்தக் கோடு எப்போதும் பிந்தித்தான் வரும்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடை. 2020இல் ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தார்கள்; கல்லணையை 16ஆம் தேதி. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டிப் பார்க்க அதற்கு மேலும் பல நாளாகும். அணை திறந்த செய்தி கேட்டதுமே விதை ஊறப்போடுகிறவர்கள் உண்டு. அப்பா வாய்க்காலில் தண்ணீரைக் கண்ணால் பார்க்காமல் கோணியை அவிழ்க்க மாட்டார். சராசரிக் கோட்டைப் பார்த்து வாங்குகிறவரும் அப்பா கட்சிதான். முதல் சில நாள் கைவிட்டுப் போகும், வராத தண்ணீருக்கு விதை வீணாகாது.

கோடு ஏன் பிந்துகிறது என்பது ஒருமுறை கையால் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ஐந்து நாள் முடிவு விலைகள் 100, 102, 104, 103, 106. கூட்டினால் 515, சராசரி 103. மறுநாள் விலை 95க்கு விழுகிறது. பழைய 100ஐ எடுத்துவிட்டு 95ஐச் சேர்த்தால் சராசரி 102. விலை 11 ரூபாய் சரிந்தது, கோடு ஒரே ஒரு ரூபாய்தான் இறங்கியது. அடுத்த நாள் விலை 98. இப்போது வெளியே போவது 102; சராசரி 101.2. விலை ஏறியிருக்கிறது, கோடு இறங்குகிறது! இதை நோட்டில் எழுதிப் பார்த்த அன்றுதான் கோட்டை ஜோசியமாக நினைப்பதை விட்டேன். எக்ஸ்பொனென்ஷியல் என்ற இன்னொரு வகைச் சராசரி புதிய விலைக்குக் கூடுதல் எடை தருவதால் சற்று முந்தும். பிந்துவது பிந்துவதுதான்.

2020 ஜனவரியில் 12,430 வரை போன நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீடு, மார்ச் 24 அன்று 7,511 வரை விழுந்தது. பிப்ரவரி கடைசியிலேயே அது தன் 200 நாள் சராசரிக்குக் கீழே போய்விட்டது. விற்கச் சொல்லும் அடையாளமாகப் பலர் பார்ப்பது 50 நாள் கோடு 200 நாள் கோட்டைக் கீழ்நோக்கி வெட்டுவதை. அது நடந்தபோதோ மார்ச் பாதி தாண்டியிருந்தது, சரிவின் பெரும்பகுதி முடிந்திருந்தது. அந்த வெட்டுக்காகக் காத்திருந்து விற்றவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

இதைவிட மோசம் பக்கவாட்டுச் சந்தை. 240க்கும் 260க்கும் இடையே நான்கு மாதம் ஆடிய ஒரு பங்கில், தினசரிச் சார்ட்டின் 9 நாள், 21 நாள் கோடுகளை நம்பி ஆறு முறை நுழைந்தேன்: 9 நாள் கோடு 21ஐ மேல்நோக்கி வெட்டினால் வாங்குவது, கீழ்நோக்கி வெட்டினால் விற்பது. மேலே வெட்டும்போது விலை பெரும்பாலும் 257இல் இருக்கும். கீழே வெட்டும்போது 244இல். நான்கு முறை நஷ்டம், மீதி இரண்டின் லாபத்தைத் தரகும் வரியும் தின்றுவிட்டன. கோடுகள் சடை பின்னியதுபோல் கிடந்தால் நான் இப்போது அந்தப் பங்கின் பக்கமே போவதில்லை.

இன்று என் வழக்கம் எளிது. சந்தை மூடிய பிறகு ஒரே ஒரு தடவை தினசரிச் சார்ட்டைப் பார்க்கிறேன். விலை 200 நாள் கோட்டுக்கு மேலே இருந்து, 50 நாள் கோடும் ஏறுமுகமாக இருந்தால்தான் வாங்க யோசிப்பேன். எந்த விலையில் வெளியேறுவது என்பதை வாங்கும் முன்பே எழுதி வைத்துவிடுவேன். அதற்குக் கோட்டை நம்புவதில்லை. 50, 200 என்ற எண்களில் மந்திரம் எதுவும் கிடையாது. பலரும் பார்ப்பதால் நானும் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட 15 நிமிடச் சார்ட்டில் இன்னும் சின்னச் சின்ன ஆட்டமெல்லாம் வெட்டாகத் தெரியும். தினசரிச் சார்ட்டிலேயே 9, 21 என்னை ஆறு முறை அலைக்கழித்துவிட்டது. அதைச் செய்யுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.