தாங்குறதும் அவங்கதான், தட்டிக் கேக்குறதும் அவங்கதான்

கேள்வி: சார், ஒரு கம்பெனி நொடிச்சுப் போனா எந்த அரசாங்கமும் எட்டிப் பாக்கறதில்ல, பேங்க்னா மட்டும் ராத்திரியோட ராத்திரியா ஓடி வர்றாங்களே, ஏன்?

பதில்: பேங்க்ல இருக்கறது நம்ம பணம், அதுவும் பெட்டியில சும்மா கிடக்கல, வீட்டுக்கடன் அது இதுன்னு இருபது வருஷத்துக்கு வெளிய போயிருக்கும், ஆனா நாம கேட்டா மட்டும் அன்னிக்கே தரணும். எல்லாரும் ஒரே நாள்ல போய் நின்னா எப்பேர்ப்பட்ட பேங்க்கும் படுத்துரும். 2007 செப்டம்பர்ல பிரிட்டன்ல நார்தர்ன் ராக் பேங்க் வாசல்ல ஜனங்க வரிசை கட்டுனாங்களே, அப்ப அங்க டெபாசிட் காப்பீடு, அதாவது பேங்க் படுத்துட்டா நம்ம பணத்துல எவ்வளவு திரும்பக் கிடைக்கும்ங்கற உத்தரவாதம், எப்படி இருந்துச்சு தெரியுமா? முதல் 2,000 பவுண்டுக்குத்தான் முழுசு, அதுக்கு மேல 33,000 பவுண்டுக்கு 90 சதவீதம். பத்து சதவீதம் போனா போகட்டும்னு யார் வீட்ல உக்காந்திருப்பாங்க? மொத்த டெபாசிட்டுக்கும் நாங்க பொறுப்புன்னு அரசாங்கம் சொன்ன பிறகுதான் வரிசை கலைஞ்சுது. அடுத்த மாசமே அந்த 90 சதவீத விதியை தூக்கிட்டாங்க, 2008 பிப்ரவரில பேங்க்கையே அரசாங்கம் எடுத்துக்கிச்சு.

கேள்வி: எப்படியும் காப்பாத்துவாங்கன்னு தெரிஞ்சா பேங்க்காரன் எதுக்கு சார் பயப்படணும்?

பதில்: பயப்பட மாட்டான், அதான் வில்லங்கமே. அதனாலதான் கைகொடுக்குற அரசாங்கம் கடிவாளமும் போடுது. ஊரான் பணத்துல மட்டும் சூதாடாத, உன் சொந்தப் பணமும் உள்ள இருக்கணும்னு 1988ல பல நாட்டு பேங்க் கண்காணிப்பாளருங்க சேர்ந்த பாசல் கமிட்டி ஒரு கணக்கு வச்சுது, கடனோட ரிஸ்க்குக்கு ஏத்த மாதிரி எடை போட்டு அதுல 8 சதவீதம் கேப்பிடல், அதாவது அந்த சொந்தப் பணம். அமெரிக்காவுல டெபாசிட் காப்பீட்டு நிதிக்கு பிரீமியம் கட்டுறதும் பேங்க்குங்கதான், வரிப்பணம் இல்ல.

ஆனா கடிவாளத்தை கொஞ்சம் தளர்த்துனா என்ன ஆகும்னு அமெரிக்காவோட சிலிக்கான் வேலி பேங்க்கைப் பாருங்க. கடுமையான கண்காணிப்பு 50 பில்லியன் டாலர் சொத்துள்ள பேங்க்குக்கே உண்டுன்னு இருந்ததை 2018ல 250 பில்லியன்னு ஏத்துனாங்க, இவங்க சொத்து 200 பில்லியனுக்கு கொஞ்சம் மேல, வலை வழியா நழுவிட்டாங்க. 2023 மார்ச்ல ஒரே நாள்ல 42 பில்லியன் டாலரை ஜனங்க உருவப் பாத்தாங்க, வரிசையெல்லாம் இல்ல, எல்லாம் போன்லயும் கம்ப்யூட்டர்லயும்தான். காப்பீடு 2,50,000 டாலர் வரைக்கும்தான்னு சட்டம் இருந்தும் மொத்த டெபாசிட்டையும் காப்பாத்துனாங்க. ஒண்ணு மட்டும் சரியா செஞ்சாங்க, பங்குதாரருக்கு பாதுகாப்பு கிடையாதுன்னு சொல்லி மேனேஜ்மென்ட்டையும் வெளிய அனுப்பிட்டாங்க. என்னைக் கேட்டா காப்பாத்துறதுன்னா இப்படித்தான், பணம் போட்டவனை தூக்கி விடு, முதலாளி விழட்டும்.

கேள்வி: இந்த நிதித் துறையை வளக்கறதும் நாங்க, கண்காணிக்கறதும் நாங்கன்னா ஒத்து வருமா?

பதில்: ஆஸ்திரேலியாவுல 1998லயே வேலையை ரெண்டா பிரிச்சாங்க, பேங்க் நல்லா இருக்கான்னு பாக்க ஒருத்தர், கஸ்டமரை ஏமாத்துறாங்களான்னு பாக்க இன்னொருத்தர். பிரிட்டனும் பட்டுத்தான் 2013ல அந்த வழிக்கு வந்துச்சு. புது கம்பெனிங்க சின்ன அளவுல சோதனை பண்ணிப் பாக்கட்டும்னு 2016ல அங்க சேண்ட்பாக்ஸ்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, அது நல்ல விஷயம். ஆனா பிரிட்டனோட 2023 சட்டத்துல, இந்தத் துறை உலகப் போட்டியில ஜெயிக்கறதையும் கண்காணிக்கற ரெகுலேட்டருங்க மனசுல வச்சுக்கணும்னு சேத்துட்டாங்க, எனக்கு அங்கதான் உதைக்குது. அம்பயரைக் கூப்பிட்டு நம்ம டீம் ஸ்கோரையும் கொஞ்சம் பாத்துக்கப்பான்னு சொன்ன மாதிரி இல்ல?

கேள்வி: அரசாங்க லைசன்ஸ் இருந்தா தைரியமா பணம் போடலாமா?

பதில்: லைசன்ஸ் வேற, காப்பீடு வேற. ஃபண்டுல போட்டு மார்க்கெட் இறங்குனா எந்த அரசாங்கமும் ஈடு கட்டாது. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இது டெபாசிட்டா முதலீடான்னு கேளுங்க, டெபாசிட்னா எவ்வளவு வரைக்கும் காப்பீடுன்னு கேளுங்க, மழுப்புனா எந்திரிச்சு வந்துருங்க.