உங்கள் குடும்பம் இதுவரை வைத்திருந்த வாஷிங் மெஷின், டிரையர்களில் எது நினைவில் நிற்கிறது?

மூன்று வாஷிங் மெஷின், ஒரு டிரையர். அந்த டிரையரை மட்டும் அப்பா இன்றுவரை டிரையர் என்று ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு டிரையர் என்றால் தேயிலை ஸ்டோரில் இருப்பது.

ஸ்டோர் என்று எங்கள் பக்கம் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. அரைத்துப் புளிக்க வைத்த கொழுந்து பாதிக்கு மேல் ஈரத்தோடு டிரையரின் ஒரு வாயில் போகும். கிட்டத்தட்ட 100 பாகைச் சூட்டுக் காற்றில் 20 நிமிடம் நகர்ந்து வந்து, மறுவாயில் 3 வீத ஈரத்தோடு கறுப்பாகக் கொட்டும். அப்பாவுக்கு அந்த மறுவாயில்தான் வேலை. ஒரு பிடி அள்ளி நசுக்குவார், மூக்கருகே கொண்டு போவார், பிறகு அடுப்புக்காரரைப் பார்த்து விறகைக் கூட்டவோ குறைக்கவோ சொல்வார். சின்ன வயதில் யாராவது வந்து “அப்பா எங்கே?” என்று கேட்டால் “டிரையர்ல” என்போம்.

எங்கள் தோட்டம் வட்டவளைப் பக்கம். இலங்கையில் அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று அது, வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல். மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரை மழை விடாது. விட்டாலும் மூடுபனி. அதனால் வாஷிங் மெஷின் என்றதும் மற்ற ஊர்க்காரர்கள் துவைப்பதை நினைப்பார்கள், நாங்கள் காய்வதை நினைப்போம்.

துவைப்பதற்கு என்ன குறை? லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, மேலே பீலி. மலையிலிருந்து வரும் ஊற்றைக் குழாய் வைத்து இறக்கியிருப்பார்கள், இரவு பகலாக ஓடும். அடியில் கல். அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே பீலிக்குத்தான் போவார். தண்ணீர் சில்லென்று இருக்கும், ஆனால் மென்மையான தண்ணீர். சவர்க்காரத்தைத் துணியில் காட்டினாலே நுரைக்கும். யாழ்ப்பாணத்தில் படிப்பித்த என் சிநேகிதி ஒருத்தி, அங்கே சுண்ணாம்புப் பாறைக் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது என்று அழாத குறையாகச் சொல்வாள். எங்களுக்கு நேர்மாறு, நுரை போகாது. இந்த நுரை பிறகு மெஷினிலும் வந்து நிற்கும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காய வைப்பதற்கு எங்களிடம் மூன்று வழி இருந்தது. வெயில் எட்டிப் பார்த்தால் லயத்துக்குப் பக்கத்துத் தேயிலைச் செடி மேல் விரிப்பது. கொடியைவிட அது நல்லது, கீழேயும் காற்று போகும். மழை என்றால் அடுப்புக்கு மேலே அட்டலில் விறகோடு விறகாகத் துணியும் தொங்கும். கைப்பிள்ளைத் துணியென்றால் சட்டியில் கரி நெருப்பு வைத்து, பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் போடுவது. அட்டலில் காய்ந்த வெள்ளைச் சீருடையோடு பள்ளிக்கூடம் போனால் வகுப்பே புகைமணக்கும். எல்லாரும் அப்படித்தான் மணந்தோம் என்பதால் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. திங்கட்கிழமை விடியற்காலை ஈரச் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காய வைக்கும்போது வரும் ஆவியின் மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

முதல் மெஷின் 2010இல் வந்தது. வாங்கியது அக்கா. ஏழு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். அங்கே அவர் கை படாத மெஷின் இல்லை. எங்கள் குடும்பத்தில் வாஷிங் மெஷின் பித்தானை முதலில் அமுக்கிய விரல் அவருடையதுதான், ஆனால் துவைத்ததெல்லாம் வேறு யாருடையதோ உடுப்பு. “அங்க மொட்டை மாடியில போட்டா அரை மணித்தியாலத்துல காஞ்சிரும். அப்படியிருந்தும் டிரையர் வச்சிருக்காங்க. இங்க வெயிலும் இல்ல, டிரையரும் இல்ல” என்று வந்த முதல் வாரமே சொல்லிவிட்டு, அட்டன் டவுனுக்குப் போய் ஒரு இரட்டைத் தொட்டி மெஷினைத் தவணைக்கு எடுத்து வந்தார். ரோட்டுவரை த்ரீவீலரில் வந்தது. அங்கிருந்து லயத்துக்கு நூற்றுச் சொச்சம் படி. பக்கத்துக் காம்பரா அண்ணன்கள் இரண்டு பேர் தூக்கி வந்து இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், வைத்தார்கள்.

இந்த இரட்டைத் தொட்டியை இப்போதுள்ள பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். இடப்பக்கம் பெரிய தொட்டி, அடியில் விசிறி மாதிரி ஒரு தட்டு. குழாயால் தண்ணீர் விட்டு, தூள் போட்டு, குமிழைத் திருகினால் அந்தத் தட்டு இப்படியும் அப்படியும் சுழன்று துவைக்கும். முடிந்ததும் அழுக்குத் தண்ணீரை வடிகானுக்குள் விட்டுவிட்டு, துணியை நாமே கையால் எடுத்து வலப்பக்கத்துச் சின்னத் தொட்டியில் போட வேண்டும். அது நிமிடத்துக்கு 1300 சுற்றுக்கு மேல் சுழலும். அம்மா மனசைப் பறிகொடுத்தது அந்த இடத்தில்தான். துவைப்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை, பீலியில் துவைத்து எடுத்து வந்து சுற்றுவதற்கு மட்டும் போடுவார். மூடியைத் திறந்து, தொட்டியின் பக்கவாட்டில் இறுகி ஒட்டிக் கிடக்கும் சட்டையை உரித்தெடுத்து, அதன் காலரைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். “அடியேய், பாதி காஞ்சிருக்குடி!”

அப்புறம் செய்தி லயம் முழுக்கப் போய்விட்டது. மழை நாளில் ஞாயிறு பின்னேரம் எங்கள் இஸ்தோப்பில் வரிசை. எல்லாரும் வீட்டிலேயே துவைத்து, வாளியில் கொண்டு வருவார்கள். “அக்கா, சும்மா சுத்தி மட்டும் தாங்க.” ஐந்து நிமிடக் குமிழ், டிக் டிக் என்று ஓடி முடியும். அடுத்த வாளி. அம்மா காசு வாங்க மாட்டார். அதனால் ஒரு கட்டு மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைச் செடிக் குச்சி விறகு, வரும், கீரை வரும், ஒருமுறை ஒரு பலாக்காயே வந்தது. கரண்ட் பில் யார் கட்டியது என்றால் அக்கா.

துணிக்கு மேல் அமுக்கி வைக்க அந்தத் தொட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் வட்டு உண்டு. அதை வைக்காவிட்டால் ஒரு காலுறை பறந்து போய்த் தொட்டிக்கு அடியில் அச்சில் சுற்றிக்கொள்ளும். அந்த வட்டு ஒரு வருடத்திலேயே வெடித்தது. அப்பா பெயின்ட் வாளி மூடியை அளவாக வெட்டி, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போட்டு ஒன்று செய்தார். அதுதான் இன்னும் இருக்கிறது. கம்பளி போட்ட அன்று மெஷின் இஸ்தோப்பைவிட்டு இறங்கப் பார்த்தது. ஒரு பக்கம் பாரமாகிவிட்டால் அப்படித்தான் ஆடும். அப்பா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதும், அவருடைய தாடையும் சேர்ந்து ஆடியதும் எங்கள் வீட்டில் யாரும் மறக்காத காட்சி. ஒரே ஒருமுறை சுற்றும் மோட்டார் உர்ரென்று மட்டும் இரைந்துகொண்டு சுழலாமல் நின்றது. கெப்பாசிட்டர் போயிருந்தது. ரிப்பேர் பாஸ் ஒருவர் வந்து பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். உள்ளே கெட்டுப்போக அவ்வளவுதான் இருக்கிறது.

இரண்டாவது, நான் கல்யாணமாகி அட்டனுக்கு வந்த பிறகு 2016இல் வாங்கிய மேல்மூடி ஓட்டோமெட்டிக். பித்தானை அமுக்கிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகலாம் என்று நினைத்தேன். முதல் மழைக்கே பாடம் படித்தேன். எங்களுக்குத் தண்ணீர் மலைமேல் தாங்கியிலிருந்து வருகிறது. 10 மீட்டர் உயரத்தில் தாங்கி இருந்தால் ஒரு பார் அமுக்கம், மெஷினுக்கு அது தாராளம். ஆனால் மழைத் தண்ணீரோடு மண்ணும் இலைத் துணுக்கும் வரும். குழாய் மெஷினில் சேரும் இடத்தில் விரல் நுனி அளவு ஒரு வலை இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறாது, மெஷின் பீப் பீப் என்று கத்தும். குறட்டால் அந்த வலையை இழுத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்துத் திரும்பப் போடுவது மழைக்காலத்தில் வாராந்த வேலை. ஒருமுறை வலையில் ஒரு அட்டை உயிரோடு நெளிந்தது. அதோடு சுற்றும் வேகம் 700 அளவுதான். அம்மா வந்து பார்த்துவிட்டு, “பெரிய மெஷினுன்னு சொன்ன, சொட்டுதே” என்றார். உண்மைதான்.

என் வீட்டுக்காரர் பண்டாரவளை. ஊவாப் பக்கம் எங்களுக்கு மழை கொட்டும் ஜூலையில் காய்ந்த காற்று வீசும், துணி பறந்து போகாமல் பிடிப்பதுதான் அங்கே கவலை. அதனால் துணி காயாமல் ஒரு வீடு தவிக்கும் என்பதே அவருக்குப் புரியவில்லை. 2018இல் மகன் பிறந்து, கொடியில் வரிசையாக மூன்று நாளாகத் தொங்கிய துணிகளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நுவரெலியாவில் ஒரு விடுதி சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், ஒரு பழைய டிரையரைத் தூக்கி வந்தார்.

அது அறையில் இருக்கும் காற்றை இழுத்துச் சூடாக்கித் துணிக்குள் விட்டு, ஈரக் காற்றைப் பின்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாயால் வெளியே தள்ளும் ரகம். நாங்கள் குழாயை அப்படியே குசினிக்குள் விட்டோம். ஒரு வாரத்தில் சுவர் வியர்த்து, மூலையில் பூஞ்சணம் பூத்துவிட்டது. துணியிலிருந்த ஈரத்தையெல்லாம் சுவருக்கு மாற்றியிருக்கிறோம். பிறகு ஜன்னல் பலகையில் வட்டமாக வெட்டிக் குழாயை வெளியே நீட்டினோம்.

அப்பா அதைப் பார்க்க வந்த நாள்தான் முக்கியம். அப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். வெளியே போய்க் குழாய் வாயில் கையை வைத்தார், குனிந்து மணந்து பார்த்தார். “எவ்வளவு சூடு?” என்றார். அறுபது எழுபது பாகை இருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். “இதுல கொழுந்து வாடும். காயாது.” மெஷின் முடிந்தது என்று பீப் அடித்தது. அப்பா ஒரு காற்சட்டையை எடுத்து, மற்ற எங்கேயும் தொடாமல் இடுப்புப் பட்டியை மட்டும் இரண்டு விரலால் நசுக்கினார். “ஈரம்.” நான் தொட்டுப் பார்த்தேன், ஈரம்தான். ஒன்றை மட்டும் மெச்சினார், பஞ்சு வடிக்கும் வலையை. ஸ்டோரிலும் தேயிலைப் பஞ்சு பறந்து தலைமயிர் எல்லாம் ஒட்டும், அதை இப்படி ஒரு தட்டில் பிடிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லையே என்றார்.

அந்த டிரையர் நாலு வருடம் ஓடியது. குறை சொல்ல மாட்டேன், மகனுக்கு ஈரத் துணி போட்ட நாள் குறைவு. ஆனால் ஒரு தடவைக்கு மூன்று யூனிட் அளவில் தின்னும். மழை மாதத்தில் இருபது தடவை போட்டால் அதற்கே 60 யூனிட். நம் நாட்டு பில்லில் 60ஐத் தாண்டினால் கணக்கே வேறு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். மேல்மூடி மெஷினில் துணி தண்ணீரோடு பாதியில் நின்றது. அம்மாவுக்குப் போன் பண்ணிப் புலம்பினேன். பின்னால் அப்பாவின் குரல்: “கரண்ட் இல்லாட்டி பீலி ஓடாதாமா?” அந்த ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது. அன்றைக்குப் பிளக்கைக் கழற்றியதுதான். அடுத்த பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். இப்போது டிரையர் மேல் ரைஸ் குக்கர் இருக்கிறது.

2023 ஏப்ரலில் பின்னேர இடி ஒன்று மேல்மூடி மெஷினின் போர்டைச் சாப்பிட்டது. புது போர்டுக்குச் சொன்ன விலையில் பாதி மெஷின் வாங்கலாம். ஆறு மாதம் நான் உடுப்பு மூட்டையோடு வட்டவளைக்கு பஸ் ஏறினேன், அம்மா வீட்டு இரட்டைத் தொட்டியில் சுற்றிக் கொண்டு வர. கண்டக்டர் ஒருவர், “என்ன டீச்சர், ஒவ்வொரு கிழமையும் வீடு மாறுறீங்க?” என்று கேட்டார்.

மூன்றாவது, அந்த வருடக் கடைசியில் வாங்கிய முன்மூடி. நல்ல மெஷின். சொல்ல அதிகம் இல்லை. முதல் மாதம் பெட்டியில் போட்டிருந்த அளவுக்குத் தூள் போட்டு, கண்ணாடி முழுக்க நுரை மூடி, அலசி அலசி இரண்டு மணித்தியாலம் ஓடியது. எங்கள் தண்ணீருக்கு அதில் பாதித் தூள் போதும். பீலிக்கரையில் அம்மாவுக்குத் தெரிந்திருந்ததை நான் மெஷின் வாங்கிக் கற்றேன்.

செத்த மேல்மூடியைப் பழைய இரும்புக்காரருக்குப் போட இருந்தோம். அப்பா விடவில்லை. உள்ளே இருந்த துருப்பிடிக்காத உருக்குத் தொட்டியைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு போனார். சுற்றிலும் ஓட்டை, காற்று நன்றாக இழுக்கும். மூன்று கால் வைத்து, லயத்துக் கோடியில் பக்கம் திறந்த தகரக் கொட்டகைக்குள் நிறுத்தி, மிலாறை எரியவிட்டு, தணல் ஆனதும் சுற்றி இரண்டு கொடி இழுத்துவிட்டார். புகை அடங்கிய பிறகுதான் துணியைப் போட வேண்டும் என்பது சட்டம். அம்மா இரட்டைத் தொட்டியில் சுற்றி எடுத்துக் கொடுக்க, அவர் ஒரு பலகையில் உட்கார்ந்து காலுறையைப் புரட்டிக்கொண்டிருப்பார். மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மழை ஞாயிறுகளில் அவனுடைய வெள்ளைச் சட்டைகள் அங்கேதான் காய்கின்றன. இடுப்புப் பட்டியை நசுக்கிப் பார்க்காமல் எதையும் மடிக்க விடமாட்டார்.

போன வாரம் மகன் போனில் தாத்தா எங்கே என்று கேட்டான். அம்மா சொன்னார், “டிரையர்ல.”