சினைப் பூனைக்கு ஊசி வேண்டாம், இருட்டு மூலை போதும்

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டுப் பூனைக்கு இது முதல் ஈத்து. வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடைக்காரர் ஒருவர் சொன்னதால் அவருடைய பெர்சியன் கடுவனோடு சேர்த்தோம். இன்றோடு 61 நாள். நேற்று மாலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பீரோவுக்குள் புகுந்து துணியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. "தேதி தாண்டிடுச்சு, ஒரு ஊசி போட்டா ரெண்டு மணி நேரத்துல குட்டி போட்டுடும், நானே வந்து போடறேன்" என்கிறார் கடைக்காரர். கால்சியம் சிரப் ஒன்றும் கொடுத்திருக்கிறார். ஒரு மாதத்தில் குட்டிகளை அவரே எடுத்துக்கொள்வாராம். ஊசி போடலாமா? இந்த நாள்களில் பூனையை எப்படிப் பார்த்துக்கொள்வது? (கரூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: போடக் கூடாதம்மா. இன்றைக்கும் வேண்டாம், நாளைக்கும் வேண்டாம். அவர் ஊசியோடு வாசலுக்கு வந்தால் கதவைத் திறக்காதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம், இதை மட்டும் முதலில் முடிவு செய்துவிடுங்கள்.

முதலில், தேதி தாண்டவே இல்லை. பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். இரண்டு மூன்று நாள் முன்பின் ஆவது சாதாரணம். கடுவனோடு இரண்டு மூன்று நாள் சேர்த்து விட்டிருப்பீர்கள், அதில் எந்த நாளில் சினை பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. "அறுபது நாள் கணக்கு" என்பது கடைக்காரர்கள் வாயில் மட்டும் புழங்கும் கணக்கு. 61-ம் நாளில் தேதி தாண்டிவிட்டது என்பவருக்கு ஒன்று விஷயம் தெரியாது, இல்லையென்றால் அவசரம் அவருக்கு.

அவர் போடப் பார்ப்பது ஆக்ஸிடோசின். கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து. வழி திறந்து, குட்டி நேராக இருந்து, வலி மட்டும் போதாமல் இருந்தால் அது உதவும். அப்போதும் ஸ்கேனோ எக்ஸ்ரேயோ பார்த்துவிட்டு, மருத்துவர் மிகச் சிறிய அளவில்தான் போடுவார். வழி திறக்காமலிருந்தாலோ, குட்டி குறுக்கே கிடந்தாலோ, மூடியிருக்கும் கதவின் மேல் கருப்பை குட்டியை வைத்து நெரிக்கிறது. கருப்பை கிழியலாம். கிழியாவிட்டாலும், நஞ்சுக்கொடி முன்னதாகப் பிரிந்து, உள்ளே இருக்கும் குட்டிகள் மூச்சின்றிச் சாகும். உங்கள் பூனை நாட்டுப் பூனை, தகப்பன் தலை பெருத்த பெர்சியன். குட்டியின் தலை சிக்குமா என்ற சந்தேகம் இருக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இந்த ஊசியைப் போடுவது கொலைக்குச் சமம்.

இந்த மருந்து அவர் கைக்கு எப்படி வந்தது என்பது தனிக் கதை. மாட்டுக்குப் பால் இறங்க இதைக் கண்டபடி போடுகிறார்கள் என்று 2018-ல் மத்திய அரசு தனியார் தயாரிப்பையே நிறுத்தப் பார்த்தது. அதே ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பிரசவித்த பெண்களின் ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து அது, தட்டுப்பாடு வரக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து பிராணிக் கடைக்காரர் பையில் கிடக்கிறதே, அதை யார் கேட்கிறார்கள்? பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம் என்று 1984-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது, ஊசி ஊர் சுற்றுகிறது.

அடுத்து சிரப். இன்றோடு நிறுத்துங்கள். கால்சியம் நல்லதுதானே என்று தோன்றும். பாலூட்டத் தொடங்கும்போது தாயின் உடம்பு தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துப் பாலுக்குக் கொடுக்கப் பழக வேண்டும். சினையாக இருக்கும்போதே வெளியிலிருந்து ஊற்றினால் அந்தப் பழக்கம் மந்தமாகிவிடும். குட்டி போட்டபின் திடீரென்று கால்சியம் இறங்கி, பூனை நடுங்கும், விறைக்கும், வலிப்பு வரும். அப்போது மருத்துவர் கொடுக்கும் கால்சியம் வேறு விஷயம்.

சாப்பிடாமல் இருப்பதும் துணியைப் பிறாண்டுவதும் கேட்டு எனக்குக் கவலை வரவில்லை. குட்டி போடுவதற்கு ஒரு நாள் முன்பு பல பூனைகள் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இடம் தேடும், கத்தும், உங்கள் காலையே சுற்றும், அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருக்கும். காம்பை லேசாக அழுத்தினால் பால் துளிர்க்கலாம். உடம்புச் சூடும் வழக்கத்தைவிட இறங்கி, 100 டிகிரிக்குக் கீழே போகும். சூடு பார்க்க ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்க வேண்டும். உங்கள் பூனை அதற்கு விடாது, விட்டுவிடுங்கள். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல், வலியும் தொடங்காமல், சோர்ந்து படுத்தே கிடந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாப்பிடும்போது கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை வையுங்கள். வயிறு நிறையக் குட்டி இருக்கும்போது இரைப்பைக்கு இடமில்லை. வேகவைத்த கோழி, முள் எடுத்த மீன், முட்டை போதும், குட்டிப் பூனைகளுக்கான உலர் தீவனம் கிடைத்தால் இன்னும் நல்லது. வெங்காயம், பூண்டு போட்ட குழம்பில் பிசைந்து வைக்காதீர்கள், பூனைக்கு அது விஷம். பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றைக் கலக்கும். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

அது பீரோவைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்றால் இருட்டும் மறைவும் கேட்கிறது என்று பொருள். ஒரு பெரிய அட்டைப் பெட்டியை எடுத்து, ஒரு பக்கம் தாய் தாண்டிப் போகவும் குட்டி உருண்டு விழாமலிருக்கவும் தக்க உயரத்தில் வெட்டி, பழைய பருத்திப் புடவையையும் வேட்டியையும் மடித்துப் போட்டு, அந்த பீரோவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். டர்க்கி டவல் வேண்டாம், குட்டியின் நகம் நூலில் மாட்டிக்கொள்ளும். பெட்டியை ஏற்காமல் பீரோவிலேயே போட்டால் போடட்டும், நல்ல புடவைகளை எடுத்துவிடுங்கள். பூனை ஏழு வீடு மாற்றும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆள் வந்து வந்து எட்டிப் பார்ப்பதால்தான் பாதி மாற்றமும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஒரு வாரம் அந்த அறைக்குள் விடாதீர்கள்.

சுத்தம் என்று நினைத்து அந்த இடத்தைப் பினாயிலாலோ டெட்டாலாலோ துடைத்துவிடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் வீடுகளில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. பூனையின் ஈரல் அந்த வகை ரசாயனங்களை முறிக்கத் தெரியாதது. தரையில் பட்டது பாதத்தில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போய்விடும். வெறும் சோப்புத் தண்ணீர் போதும். வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும்.

வலி வந்ததும் முதலில் மூச்சு இரைக்கும், உறுமுவதுபோல் ஒரு சத்தம் போடும், சில பூனைகள் அந்த வலியிலும் குர்குர் என்று இழைந்துகொண்டே இருக்கும். முதல் ஈத்தில் இந்தக் கட்டமே ஒரு நாள் வரை இழுக்கலாம். பிறகு வயிறு அலை அலையாக இறுகும். பின்பக்கம் ஒரு கருநீல மொட்டு போல் பனிக்குடம் எட்டிப் பார்க்கும், உள்ளே போகும், மறுபடி வரும். இரண்டு மூன்று முக்கலில் வழுக்கிக்கொண்டு குட்டி வெளியே வரும், நனைந்த கைக்குட்டையைச் சுருட்டிப் போட்டதுபோல் கிடக்கும். தாய் திரும்பி, பையைக் கடித்துக் கிழித்து, மூக்கை நக்கி, கொடியை மென்று அறுக்கும். நஞ்சுக்கொடியையும் தின்னும். அதைத் தடுக்காதீர்கள். பின்னங்கால் முதலில் வந்தாலும் பதற வேண்டாம், பத்தில் நாலு குட்டிகள் வரை அப்படித்தான் வரும். குட்டி வந்து ஒரு நிமிடமாகியும் தாய் பையைக் கிழிக்கவில்லை என்றால் மட்டும் கை வையுங்கள். மூக்குப் பக்கம் பையைக் கிள்ளிக் கிழித்து, வாயைத் துடைத்து, துணியால் முதுகை அழுத்தித் தேய்த்தால் கத்தும். கத்தியதும் தாயிடம் வைத்துவிடுங்கள்.

எப்போது ஓட வேண்டும்? அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றால். குட்டி பாதி வெளியே வந்து சிக்கி நின்றால். ஒரு குட்டிகூட வராமல் பச்சையாகவோ நாற்றமாகவோ கசிந்தால், அல்லது சிவந்த ரத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் வந்தால். இவற்றில் எதிலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. சிக்கிய குட்டியை இழுக்கவும் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் ஊசிக்காரர்கள் உள்ளே நுழைகிறார்கள். வழக்கமாக ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் பூனைக்கு மட்டும் ஒரு தனி இயல்பு உண்டு. இரண்டு குட்டி போட்டுவிட்டு, பிரசவத்தையே நிறுத்திவிடும். வலி நின்றுவிடும். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும், எழுந்து வந்து சாப்பிடும், மலம் கழிக்கும், தூங்கும். வயிற்றைத் தொட்டால் உள்ளே இன்னும் குட்டி இருப்பது தெரியும். பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள், சில சமயம் ஒன்றரை நாள்கூடக் கழித்து மறுபடி வலி எடுத்து மிச்சக் குட்டிகளை உயிரோடு போடும். ஆள் நடமாட்டம் மிகுந்த வீடுகளில் இப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். இது நோயல்ல. இதைப் பார்த்து "குட்டி உள்ளேயே தங்கிடுச்சு" என்று பயமுறுத்தி ஊசி போட்டால், நன்றாக முடிந்திருக்க வேண்டிய பிரசவம் கெடும்.

இதை எப்படிப் பிரித்தறிவது? வயிற்றைப் பார்க்காதீர்கள், பூனையின் முகத்தைப் பாருங்கள். அமைதியாக, குட்டிகளை அணைத்துக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு இருந்தால் காத்திருங்கள், அறையை இன்னும் இருட்டாக்குங்கள். குட்டிகளைக் கண்டுகொள்ளாமல், சோர்ந்து, காது சில்லிட்டு, அல்லது விட்டு விட்டு முக்கிக்கொண்டு, கசிவு நாறினால் அது வேறு. கருப்பை களைத்துவிட்டது என்று பொருள், உடனே கிளம்புங்கள். அமைதியாகவே இருந்தாலும் ஒன்றரை நாள் தாண்டினால் கிளம்பிவிட வேண்டும்.

உள்ளே எத்தனை குட்டி என்று முன்பே தெரிந்திருந்தால் இந்தக் குழப்பம் பாதி குறையும். இந்த நாள்களில் ஓர் எக்ஸ்ரே எடுத்தால் தலைகளை எண்ணிவிடலாம். ஒரே ஒருமுறை எடுப்பதால் குட்டிக்குக் கெடுதல் இல்லை. முடிந்தால் நாளையே போய்விட்டு வாருங்கள், அப்படியே இரவு அவசரத்துக்கு எங்கே போவது என்பதையும் விசாரித்துவிடுங்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. மாவட்டத் தலைநகரில்கூட இரவு ஒன்பது மணிக்கு ஒரு பூனைக்கு அறுவை சிகிச்சை செய்ய ஆள் கிடைப்பது அரிது. நம் அரசு கால்நடை மருத்துவம் மாட்டையும் ஆட்டையும் கோழியையும் மனதில் வைத்துக் கட்டியது. 1962 என்ற ஆம்புலன்ஸ் எண்ணும் அடிப்படையில் கால்நடைகளுக்கானதுதான். வீட்டுக்கு வீடு பூனை வந்துவிட்ட பிறகும் அமைப்பு அங்கேயே நிற்கிறது. இந்த இடைவெளியில்தான் கடைக்காரர் ஊசியோடு வருகிறார். உங்களுக்கு நாமக்கல் பக்கம். மோகனூர் சாலையில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரவில் பார்ப்பார்களா, யாரை அழைப்பது என்று பகலிலேயே போன் செய்து கேட்டு, ஊரில் உள்ள தனியார் மருத்துவர் ஒருவரின் எண்ணோடு சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவையுங்கள். காற்றோட்டமுள்ள ஒரு கூடையும், தெரிந்த ஆட்டோக்காரரின் எண்ணும் தயாராக இருக்கட்டும்.

குட்டிகளை ஒரு மாதத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்பதற்கும் சம்மதிக்காதீர்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியைக் கடைகளில் விற்கக் கூடாது என்று 2018-ல் வந்த பிராணிக் கடை விதிகளே சொல்கின்றன. ஒரு மாதக் குட்டி அப்போதுதான் திட உணவை நக்கிப் பார்க்கும். தாயிடமிருந்து பிரித்துக் கூண்டில் பத்துக் குட்டிகளோடு போட்டால் பேதியிலும் சளியிலும் போய்விடும். பெர்சியன் கலப்பு என்று சொல்லி அதற்குள் விற்றுவிட வேண்டும் என்பதுதான் அவர் அவசரம், ஊசிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கடுவனை இலவசமாக விட்டேனே என்று சண்டைக்கு வந்தால், அதற்கு அவர் கேட்கும் தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். குட்டியைக் கொடுத்து முடிக்காதீர்கள்.

இன்னொன்று, பால் கொடுக்கும் பூனைக்குச் சினை பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வேட்கை வந்துவிடும். குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆனதும் தாய்க்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்ய இப்போதே மருத்துவரிடம் தேதி கேட்டு வையுங்கள். அதுவரை எந்தக் கடுவனும் வீட்டுக்குள் வராமல், இரவில் சமையலறை ஜன்னலையும் மொட்டைமாடிக் கதவையும் சாத்தியே வையுங்கள்.