விர்ச்சுவல்பாக்ஸ் லினக்ஸில் கறுப்புத் திரை, அணையாத கணினி: என்ன செய்யலாம்?

கணினிக்குள் இன்னொரு கணினியை (மெய்நிகர் கணினி) ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸைத் திறந்தால் திரை கறுப்பாகவே இருக்கிறது, அணைத்தால் பாதியில் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இவை தனித்தனிக் கோளாறுகள்.

முதலில் திரை. மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு, டிஸ்ப்ளே அமைப்பில் கிராபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ (VMSVGA) தானா என்று பாருங்கள். லினக்ஸுக்கு அதுதான் பொருத்தம். வீடியோ நினைவகத்தை 128 எம்பி ஆக்குங்கள். 3டி முடுக்கத்தை எடுத்துவிடுங்கள்; நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைப் புதுப்பித்த பிறகு திரை சுருங்கியிருந்தால், லினக்ஸுக்குள் நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸை மறுபடி நிறுவிப் பாருங்கள்.

சரி, அணைவதற்கு வருவோம். உடனே பதறாமல் 90 விநாடி பொறுங்கள். நிற்க மறுக்கும் சேவைக்கு (பின்னணியில் ஓடும் நிரலுக்கு), லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி வழக்கமாகத் தரும் கெடு அது. அப்போது திரையில் வரும் சேவையின் பெயரைக் குறித்துக்கொண்டால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும். விர்ச்சுவல்பாக்ஸின் பவர் ஆஃப் கடைசி வழிதான்; மின்கம்பியைப் பிடுங்குவது போல, கோப்புகள் கெடலாம்.