கருங்கயத்தின் உணவுக் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கற்பனை நிலங்களைப் படைப்பது குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நிலத்தைப் படைப்பவர் முதலில் அதன் ஆறு எங்கே பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தீர்கள். நான் மூன்று ஆண்டுகளாக எழுதிவரும் மிகுபுனைவு நாவலில் நிலமே கிடையாது. முழுக்கதையும் ‘கருங்கயம்’ என்று நான் பெயரிட்டிருக்கும் ஓர் ஆழ்கடலில் நடக்கிறது.

கருங்கயத்தை நான்கு பக்கமும் நீருக்கடியில் ஓங்கி நிற்கும் மலைகள் அடைத்திருக்கின்றன. நடுவே 14,000 மீட்டர் ஆழமுள்ள பள்ளம். அதன் தரையில் தாமாக ஒளிவீசும் மரங்களாலான காடு ஒன்று இருக்கிறது. அந்த மரங்களின் இலைகளை மீன்கூட்டங்கள் மேய்கின்றன. அவற்றை வேட்டையாட 300 அடி நீளமுள்ள ஒரு விலங்கு. காட்டின் நடுவில் ஒரு வெந்நீர் ஊற்றும், வெண்சங்குகளால் கட்டப்பட்ட அரண்மனையும் உள்ளன.

வாசித்த நண்பர்களில் ஒருவர், இப்படியொரு காடு இருக்கவே முடியாது என்கிறார். மற்றவர், மிகுபுனைவில் யார் கணக்குக் கேட்கப்போகிறார்கள் என்கிறார். கற்பனைக் கடல் உண்மைக் கடலுக்குக் கட்டுப்பட வேண்டுமா? ஆம் என்றால் நான் எங்கிருந்து திருத்தத் தொடங்குவது? வரைபடத்தையும் முதல் ஐந்து அத்தியாயங்களையும் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

நீங்கள் அனுப்பிய வரைபடத்தை இரண்டு மாலைகள் மேசையில் விரித்துவைத்துப் பார்த்தேன். மலைகளின் ஒவ்வொரு மடிப்பையும் பொறுமையாக வரைந்து, அவற்றின் நிழலைக்கூடப் பென்சிலால் தீட்டியிருக்கிறீர்கள். வெளிச்சம் எட்டாத இடத்தில் நிழல் விழாது என்பதைச் சிரித்துக்கொண்டே ஓரத்தில் குறித்துவைத்தேன்.

நான் உங்கள் முதல் நண்பரின் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. மிகுபுனைவு இயற்கையின் விதியை மீறலாம். மீறிய இடத்தில் அதன் பிறகு என்ன நேரும் என்பதையும் அதுவே சொல்லியாக வேண்டும். தொல்காப்பியம் ஒரு திணையை நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளில் தொடங்குகிறது. அடுத்துக் கருப்பொருள்களை அடுக்கும்போது, தெய்வத்துக்கு அடுத்தபடியாக உணவைச் சொல்லிவிட்டுத்தான் விலங்குக்கும் மரத்துக்கும் பறவைக்கும் வருகிறது. அந்த வரிசையை நான் வெறும் பட்டியலாகவே நெடுநாள் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்; ஆழ்கடலைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அது எத்தனை சரியான வரிசை என்பது பிடிபட்டது. நீங்கள் மரத்தையும் விலங்கையும் வரைந்துவிட்டீர்கள். உணவுக்கு வரைபடத்தில் இடமே இல்லை.

கடலில் 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதிய வெளிச்சம் கிடையாது. 1,000 மீட்டருக்குக் கீழே கதிரவனின் ஒளி அறவே இல்லை. உலகக் கடல்களின் சராசரி ஆழமோ ஏறத்தாழ 3,700 மீட்டர். ஆகவே கடலின் மிகப்பெரும் பகுதி, தனக்கென எதையும் விளைவித்துக்கொள்ளாமல், மேலே இருப்பவர்கள் சிந்துவதைக் கொண்டே வாழ்கிறது. செத்த பாசித் துணுக்குகள், சிற்றுயிர்களின் கழிவு, அவை கழற்றிப்போட்ட ஓடுகள், இவற்றையெல்லாம் ஒட்டவைக்கும் சளி ஆகியவை சேர்ந்து வெண்ணிறத் திவலைகளாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கின்றன. இதைக் கடற்பனி என்கிறார்கள். ஆழத்தில் இறங்கும் ஊர்தியின் விளக்கொளியில் இது ஓயாத தூறலைப் போலத் தெரியும். அடித்தளத்தை அடைய அதற்கு வாரக்கணக்கில் ஆகும். வழியெல்லாம் அதைத் தின்பவர்கள் இருக்கிறார்கள். 4,000 மீட்டர் ஆழத்துக்கு வந்து சேர்வது மேற்பரப்பில் விளைந்ததில் நூற்றில் ஒரு பங்கு அளவே. 

பொழுதும் அந்த வழியாகத்தான் அங்கே வருகிறது. வட அட்லாண்டிக்கில் வசந்தகாலத்தில் மேற்பரப்பில் பாசி பெருகிச் சில வாரங்கள் கழிந்ததும், 4,000 மீட்டருக்கும் கீழே உள்ள சேற்றின்மீது பச்சை கலந்த பழுப்புப் பஞ்சுபோல ஒரு படிவு வந்து படர்வதை 1980களில் ஒளிப்படக் கருவிகள் பதிவுசெய்தன. கடல் அட்டைகள் அதை மேய வருகின்றன. பகலே இல்லாத இடத்திலும் பருவம் இருக்கிறது. உங்கள் நாவலின் மாந்தர்கள் ஆண்டுகளை எப்படி எண்ணுகிறார்கள் என்று ஐந்தாம் அத்தியாயத்தில் நீங்களே தடுமாறியிருக்கிறீர்கள். விடை இந்தப் படிவில் இருக்கிறது.

இனி ஒளிவீசும் காடு. அந்த ஆழத்தில் ஒளி உணவைத் தின்று உண்டாவது. அதிலிருந்து உணவு விளைவதில்லை. ஆழ்கடல் உயிர்கள் தம் உடலின் வேதிப்பொருளைச் செலவிட்டுத்தான் ஒளியை உண்டாக்குகின்றன. அது இரைக்கு வைத்த தூண்டிலாகவோ, துணைக்கான அழைப்பாகவோ, எதிரியைத் திகைக்கவைக்கும் உத்தியாகவோ இருக்கும். காரணமில்லாமல் இரவுபகலாக எரியும் விளக்கை ஓர் உயிர் அங்கே ஏந்தி நின்றால், தின்பவருக்கு வழிகாட்டிக்கொண்டு நிற்கிறது என்றே பொருள். ஆனால் காட்டை நீங்கள் முற்றிலும் இழக்க வேண்டியதில்லை. மூங்கில் பவளம் என்றொரு வகை ஆழ்கடல் பவளம், தொடும்போது நீலமாக ஒளிர்கிறது. முழு இருளில் நிற்கும் ஒரு காட்டுக்குள் உங்கள் நாயகி கைநீட்டித் துழாவிச் செல்கிறாள்; அவள் கை பட்ட கிளையில் மட்டும் நீலம் ஓடி அணைகிறது; அவள் எந்த வழியாக வந்தாள் என்பதை அந்த ஒளியைப் பார்த்து வேறொன்று அறிந்துகொள்கிறது. எப்போதும் வெளிச்சமாக இருக்கும் காட்டில் இந்தக் காட்சியை நீங்கள் எழுதவே முடியாது.

அந்த மரங்கள் தாவரங்கள் அல்ல, விலங்குகள் என்பதை மறக்க வேண்டாம். ஹவாய்த் தீவுகளுக்கு அருகே சேகரித்த கருப்புப் பவளம் ஒன்றுக்கு 4,000 ஆண்டுகளுக்கும் மேலான வயது என்று கணித்திருக்கிறார்கள். இத்தகைய பவளங்கள் நின்ற இடத்திலேயே நின்று, நீரோட்டம் கொண்டுவரும் துணுக்குகளைப் பிடித்துத் தின்பவை. எனவே அவை தேங்கிய பள்ளத்தின் அடியில் வளரா. நீர் விரைந்து ஓடும் மலைத்தோள்களில்தான் வளரும். காட்டைத் தரையிலிருந்து பெயர்த்து மலைமேல் ஏற்றுங்கள்.

நீர் விரைந்து ஓட வேண்டும் என்றால் அது எங்கிருந்தோ வந்தாக வேண்டும். உங்கள் வரைபடத்தின் ஆகப்பெரிய சிக்கல் இதுதான்: நான்கு மலைகளும் கருங்கயத்தை முழுவதுமாக அடைத்துவிட்டன. ஆழ்கடலுக்கு வேண்டிய ஆக்ஸிஜன் அங்கே உண்டாவதில்லை. துருவங்களை ஒட்டிய கடல்களில் குளிர்ந்து கனத்த நீர், மேற்பரப்பில் பெற்ற ஆக்ஸிஜனோடு மூழ்கி, அடித்தளம் வழியாக உலகெங்கும் மெல்லப் பரவுகிறது. அந்த நீருக்கு வழி இல்லாத கடல் என்ன ஆகும் என்பதற்குக் கருங்கடலே சான்று. 2,200 மீட்டர் வரை ஆழமுள்ள அந்தக் கடல், ஆழம் குறைந்த ஒரு நீரிணை வழியாகவே வெளிக்கடலோடு சேர்கிறது. அதன் நீர் மேலும் கீழுமாக எளிதில் கலப்பதில்லை. ஏறத்தாழ 150 முதல் 200 மீட்டருக்குக் கீழே அங்கே ஆக்ஸிஜன் கிடையாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு நிறைந்திருக்கிறது. மீனில்லை, நண்டில்லை, மரத்தைத் துளைக்கும் புழுவும் இல்லை. அதனால்தான் 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்கக் கப்பல் ஒன்று, ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆழத்தில், பாய்மரம் நின்றது நின்றபடியே கிடப்பதை 2018இல் அறிவித்தார்கள்.

உங்கள் முன்னே இரண்டு நாவல்கள் இருக்கின்றன. கருங்கயத்தை அடைத்தே வைத்தால், அது மூழ்கிய எதுவும் மட்காத, உயிரற்ற ஒரு கிடங்கு. அதை நாடி வருபவர்களின் கதையை நீங்கள் எழுதலாம். உயிர்களின் கதையைத்தான் எழுதப்போகிறீர்கள் என்றால் மலைத்தொடரில் ஒரு கணவாயைத் திறந்துவிடுங்கள். (மலையிடை வழிக்கும் பத்துக் கை கொண்ட கடலுயிருக்கும் தமிழில் ஒரே பெயர். உங்கள் நாவலில் முன்னதன் வழியாகப் பின்னது கூட்டமாக உள்ளே வருவதாக எழுதும் வாய்ப்பை நானாக இருந்தால் விடமாட்டேன்.) கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே கடலடித் திட்டு ஒன்றைத் தாண்டி வழியும் குளிர்நீர், ஏறத்தாழ 3,500 மீட்டர் கீழே இறங்குகிறது; தரையிலுள்ள எந்த அருவியும் அதற்கு ஈடில்லை. உங்கள் கணவாயிலும் அப்படியோர் அருவி விழும். மூச்சும் இரையும் அதன் வழியாகவே உள்ளே வருவதால், காடும் மேய்ச்சலும் வேட்டையும் அதைச் சுற்றியே அமையும். அந்த வழியை யார் காவல் காக்கிறார்கள் என்பதும் உங்கள் கதைக்கு முக்கியமாகிவிடும்.

வெந்நீர் ஊற்றை நீங்கள் அலங்காரத்துக்காக வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1977இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், ‘ஆல்வின்’ என்ற ஆழ்கடல் ஊர்தியில் இறங்கியவர்கள் இத்தகைய ஊற்றைச் சுற்றிக் கண்ட கூட்டத்தை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. வாயோ குடலோ இல்லாமல் இரண்டு மீட்டர் வரை வளரும் குழாய்ப்புழுக்கள் அங்கே நிற்கின்றன. அவற்றின் சிவந்த முனை ஹைட்ரஜன் சல்ஃபைடையும் ஆக்ஸிஜனையும் உறிஞ்சி உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்குக் கொடுக்கிறது. அவை அதைக்கொண்டு உணவு சமைக்கின்றன. கதிரவனை நம்பாத உலகம் என்று இதைச் சொல்வது வழக்கம். அந்த ஆக்ஸிஜன் மேலே ஒளிச்சேர்க்கையில் பிறந்தது என்பதால் அது முழுதும் சரியல்ல. ஆக, உங்கள் ஊற்றும் கணவாயை நம்பித்தான் இருக்கிறது. ஊற்றுகள் கடலடித் தரை பிளந்து விலகும் மலைத்தொடர்களை ஒட்டியே பெரும்பாலும் அமைகின்றன என்பதால், அதையும் பள்ளத்தின் நடுவிலிருந்து நகர்த்த வேண்டும்.

சங்கு அரண்மனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழுத்தமும் குளிரும் கூடக்கூட சுண்ணாம்பு நீரில் கரையும். 4,000 முதல் 5,000 மீட்டருக்குக் கீழே சங்கும் சிப்பியும் நிலைப்பது அரிது. இந்தியப் பெருங்கடலின் ஊற்றுகளருகே 2001இல் கண்டறியப்பட்ட ஒரு நத்தை, இரும்பு சல்ஃபைடு மேலே படர்ந்த ஓட்டையும் காலில் செதில் கவசத்தையும் கொண்டிருக்கிறது. வெண்சங்கை விடக் கருத்த இரும்பு ஓடு உங்கள் அரசனுக்குப் பொருத்தமாக இருக்கும்.

14,000 மீட்டர் என்ற ஆழம் எனக்கு உறுத்தவில்லை. மரியானா அகழி ஏறத்தாழ 11,000 மீட்டர். உங்கள் உலகில் மூவாயிரம் கூடியிருக்கட்டும். ஆனால் அங்கே மீனை விடாதீர்கள். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், மீன்கள் தம் புரதங்கள் உருக்குலையாமலிருக்க உடலில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்துக்கொண்டே போகின்றன. 8,200 முதல் 8,400 மீட்டருக்குள் அந்தச் சேர்க்கை ஓர் எல்லையை எட்டிவிடுகிறது. அதற்குமேல் சேர்த்தால் வெளிநீர் உடலுக்குள் புகத் தொடங்கும். 2022இல் ஜப்பானுக்குத் தெற்கே உள்ள அகழியில் 8,336 மீட்டரில் நத்தைமீன் ஒன்று படமாக்கப்பட்டது. அது அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. அதற்கும் கீழே இறாலின் உறவினர்களான சிறு ஓட்டுயிர்களும் கடல் அட்டைகளுமே ஆள்கின்றன. கதை நடப்பது வேறு கோளில் என்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்: வியாழனின் நிலவான யூரோப்பாவில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் என்பதால், அங்கே அழுத்தமும் அதே விகிதத்தில் மெல்லக் கூடும்.

கடைசியாக, உங்கள் 300 அடி விலங்கு. நூற்றில் ஒரு பங்கு உணவு வந்துசேரும் தரையில் அதை உயிரோடு வைத்து வளர்க்க முடியாது. செத்து விழ வைக்கலாம். 1987இல் கலிஃபோர்னியாவுக்கு அப்பால் 1,240 மீட்டர் ஆழத்தில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் அதைச் சுற்றி ஓர் ஊரே குடியிருப்பதும் தெரியவந்தது. பெரிய திமிங்கிலம் ஒன்று விழுந்தால், அது கிடக்கும் சேற்றுக்குக் கடற்பனியாக ஏறத்தாழ 2,000 ஆண்டுகளில் வரவேண்டிய உணவு ஒரே நாளில் வந்துவிடுகிறது. முதலில் சதையைத் தின்பவர்கள், பின்னர் எலும்பைத் தின்பவர்கள். 2004இல் பெயரிடப்பட்ட ஒரு புழுவினம் எலும்புக்குள் வேர் இறக்கி, அமிலத்தால் கரைத்து, அதிலிருந்து உணவைப் பெறுகிறது. அதற்கும் வாய் இல்லை, வயிறு இல்லை. வெளியே தெரிவது சிவந்த இறகுபோன்ற நுனி மட்டும். அதன் ஆண்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் பெண்ணின் குழாய்க்குள்ளேயே கூட்டமாக வாழ்கின்றன. 300 அடி எலும்புக்கூடு ஒன்று, விரல் நீளச் சிவப்பு இறகுகள் அடர்ந்து, பல பத்தாண்டுகளாகத் தின்னப்பட்டுக்கொண்டிருக்கிறது என்றால், உங்கள் நாவலின் தலைநகரம் அதுதான், அரண்மனைகூடத் தேவைப்படாது.

கணவாயை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று முடிவுசெய்த பிறகு வரைபடத்தை மறுபடி அனுப்புங்கள். வடமேற்கு மூலையில் மலை தாழ்ந்திருப்பதால் கை தானாக அங்கே போகும். ஆனால் ‘எரிமலை’ என்று நீங்கள் எழுதியிருப்பதும் அதே மூலையில்தான். அது ஒருமுறை பொங்கினால் வழி தூர்ந்துவிடும்.

அன்புடன்.