கேஎல்லேர்ந்து (கோலாலம்பூர்) சென்னைக்கு எவ்ளோ தூரம், ஏன் 4 மணி நேரம் ஆகுது?

மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் பக்கத்துலேர்ந்து தமிழ்நாட்டுக்குப் போற பெருசுங்க எல்லாம் கேக்குற கேள்வி இது. ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் ஆகாய வழியா கிட்டத்தட்ட 2,600 கிலோமீட்டர், ஜெட் ஃப்ளைட் மணிக்கு 800க்கு மேல பறக்கும், அப்போ மூணேகால் மணி நேரந்தானேன்னு தோணும். ஆனா டிக்கெட்ல போடுறது கேட்டை விட்டு நகர்றதுலேர்ந்து அங்க போயி கேட்ல நிக்கிற வரைக்கும் உள்ள நேரம், ரன்வேக்கு மெதுவா ஊர்ந்து போறது, மேல ஏர்றது, எறங்கும்போது வேகத்தக் கொறைக்கிறது எல்லாம் அதுல அடக்கம். எண்ணெய் எடுக்குற செம்பனைப் பழம் ஏத்துன லோரிய பாருங்க, ஹைவேல பறந்தாலும் தோட்டத்து மண் ரோட்டுல உருண்டுதான் வெளிய வரணும், மில்லு வாசல்ல வரிசையிலயும் நிக்கணும். கடிகாரத்தப் பாத்து போக ஒன்றரை மணி நேரம், வர ஆறரை மணி நேரம்னு மட்டும் நெனச்சிடாதீங்க, இந்தியா நேரம் நம்மள விட ரெண்டரை மணி பின்னாடி, பயணம் ரெண்டு பக்கமும் சுமார் 4 மணி நேரந்தான்.